ஈரம் காய்வதற்குள் தடவுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒவ்வாமை உள்ள நாய்க்கு மாய்ஸ்ச்சரைசர் வாங்கிப் போகிறவர்கள் சிலர், பத்தாம் நாளே "போட்டும் சொறியுதே" என்று வந்து நிற்கிறார்கள். விசாரித்தால், காய்ந்த முடிமேல் தடவியிருப்பார்கள்.

இந்த நாய்களின் மேல்தோலில் செல்களுக்கு நடுவே சாந்துபோல இருக்க வேண்டிய கொழுப்பு, குறிப்பாகச் செராமைடு, குறைந்திருக்கும். காரை உதிர்ந்த சுவர் மாதிரிதான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும். தூசிப்பூச்சியின் கழிவும் மகரந்தமும் உள்ளே இறங்கும். அரிப்பெடுத்து நாய் சொறியச் சொறிய, மிச்சக் காரையும் உதிரும். கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. செராமைடும் கொழுப்பு அமிலங்களும் இடைவெளியை அடைக்கின்றன. பிடித்து வைக்கத் தோலில் ஈரம் இருந்தால்தானே? அதனால்தான் குளித்த கையோடு போடச் சொல்கிறோம்.

வாரம் ஒரு குளியல் போதும். வெந்நீர் அரிப்பைக் கிளப்பும், வேண்டாம். மருந்து ஷாம்பு 10 நிமிடம் தோலில் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டே நிமிடம் பத்தாகத் தோன்றும். கிருமிகொல்லியான குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு தோலை வறளவைக்கலாம் என்பதால், அதன் பிறகு மாய்ஸ்ச்சரைசரைத் தவறவிடாதீர்கள். அக்குளிலும் விரலிடுக்கிலும் நுரை தங்கும், நன்றாக அலசுங்கள். துண்டால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். சூடான டிரையரும் கூடாது.

நீர் சொட்டுவது நின்று, தொட்டால் தோல் சில்லென்று இருக்கும் நேரம்தான் மாய்ஸ்ச்சரைசர் போடச் சரி. முடியை எதிர்ப்பக்கம் விலக்கினால் தோல் கோடுபோலத் தெரியும். ஸ்ப்ரே முனையை அந்தக் கோட்டின்மேல் வைத்து அடித்து, விரல் நுனியால் பரப்புங்கள். வயிறு, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு எதையும் விடாதீர்கள். அப்புறம் கால் மணி நேரம் நக்கவிடாமல் நடைக்குக் கூட்டிப்போங்கள். குளிக்காத நாளில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மாய்ஸ்ச்சரைசரை ஸ்ப்ரேயாகவோ நுரையாகவோ போடலாம். அளவு, நாயின் எடையைப் பொறுத்து லேபிளில் இருக்கும். பலன் தெரிய ஒரு மாதமாவது ஆகும்.

தேங்காய் எண்ணெய் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். கொழுப்பைத் தின்று வளரும் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) தொற்று இந்த நாய்களுக்குச் சகஜம். மடிப்பிலும் காதிலும் எண்ணெய் தேங்கினால் புளித்த வாடை கிளம்பும். நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. டீ ட்ரீ எண்ணெயோ துத்தநாக ஆக்சைடோ கலந்த மனிதக் கிரீம்களை நக்கினால் நாய்க்கு விஷம். மனிதத் தோலுக்கென்று செய்த பேபி சோப்பும் வேண்டாம்: நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, நாய்த்தோல் ஏறக்குறைய நடுநிலை.

ஃபிப்ரோனில் உண்ணி மருந்து விட்டால் முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள்.

வால் அடியிலேயே கடித்துக்கொண்டிருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சீழ்ப் பொட்டு, துர்நாற்றம், கறுத்துத் தடித்த தோல் இருந்தால் மருத்துவரிடம் தொற்றைத் தீர்த்த பிறகே எங்களிடம் வாருங்கள். அவர் எழுதிய மாத்திரையை, மாய்ஸ்ச்சரைசர் வாங்கியாயிற்று என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் இப்போது போடும் ஷாம்பு பாட்டிலையும் எடுத்து வாருங்கள். லேபிளைப் பார்த்து, ஒத்துவராததை அங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து