வரம் மதிப்பெண்ணில் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் வந்தால் எங்கள் மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை கிறிஸ்தவ வாலிபர் முகாம்கள் களைகட்டிவிடும். பல முகாம்களில் இரண்டாம் நாள் பிற்பகலில், சாப்பாட்டு மயக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் கையில் ஒரு நகல் தாள் கொடுக்கப்படுகிறது. ‘உங்கள் ஆவிக்குரிய வரம் எது?’ என்பது அதன் தலைப்பு. சபைப் பணிக்காக ஆவியானவர் விசுவாசிக்குத் தரும் திறனைத்தான் அப்படிச் சொல்கிறோம். நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். வரத்துக்கு ஐந்து வாக்கியம் என்று கூட்டினால், அதிக மதிப்பெண் வாங்கியதுதான் உங்கள் வரம். அன்று இரவே ‘தீர்க்கதரிசன வரம் உள்ளவர்கள் முன்னே வாருங்கள்’ என்று மேடையிலிருந்து அழைப்பு வருகிறது. ஜூனில், பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரி வேண்டாம், முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் நிற்கிறது. பெற்றோர் தடுத்தால் ஆவியானவரைத் தடுக்கிறார்கள் என்று பெயர்.

இந்த வினாத்தாள் முறை 1970களில் அமெரிக்கச் சபைகளில் உருவானது. அங்கே அதை நிரப்பியவர்கள் பல ஆண்டுகள் சபையில் ஏதோ ஒரு பணி செய்த பெரியவர்கள். ‘நான் நோயாளிகளைச் சந்தித்தபோது அவர்கள் ஆறுதலடைந்தார்கள்’ என்ற வாக்கியத்துக்கு அவர்களிடம் அனுபவத்திலிருந்து பதில் இருந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காத பதினேழு வயதுப் பையன் அதற்கு என்ன எண் போடுவான்? பூஜ்யம் போடுவான். உடனே இரக்கத்தின் வரம் அவனுக்கு இல்லை என்று முடிவாகிவிடும். தாழ்மையாக வளர்க்கப்பட்ட பெண்பிள்ளை எல்லாவற்றுக்கும் 1 போடுவாள். மேடை ஆசை உள்ளவன் எல்லாவற்றுக்கும் 3 போடுவான். கூச்சமும் ஆசையும் அளக்கப்படுகின்றனவே தவிர வரம் அளக்கப்படுவதில்லை.

மொழிபெயர்ப்பாலும் சில இடறல்கள் உண்டு. ரோமர் 12:8-ல் பழைய திருப்புதல் (புராட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு) ‘முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்’ என்கிறது. முன்னின்று நடத்துகிறவன், பொறுப்பேற்றுப் பிறரைத் தாங்குகிறவன் என்பது அங்கே பொருள். இன்றைய வாசகர் அதைக் கடை முதலாளி என்று எடுத்துக்கொள்கிறார். பணக்காரருக்குச் சபைக் கமிட்டியில் முதல் நாற்காலி போடுவதற்கும் இந்த வசனம் வசதியாகப் போயிற்று! இதே சொல்லின் பெண்பால் உறவுச் சொல்லைத்தான் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல், ரோமர் 16:2-ல் பெபேயாள் என்ற சகோதரிக்கு வைக்கிறார். தமிழில் அது ‘ஆதரவாயிருந்தவள்’ என்று வந்துள்ளது.

இன்னொரு வசனம், இதைவிட முக்கியமானது. 1 கொரிந்தியர் 12:7-ல் ஆவியின் அநுக்கிரகம் ‘அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று’ அளிக்கப்பட்டதாகப் பழைய திருப்புதலில் வாசிக்கிறோம். கேட்டால் வரம் அவரவர் சொந்த நன்மைக்கு என்றுதான் தோன்றும். கிரேக்க மூலத்தில் ‘அவனவனுக்கு’ என்பது கொடுக்கப்படுவதோடு சேர்ந்தது. பிரயோஜனமோ எல்லாருக்கும். கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘பொது நன்மைக்காகவே’ என்று இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து இந்த ஒரு வசனத்தை வாலிபர் சங்கத்தில் அரை மணி நேரம் பேசினாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘வரம்’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. தமிழில் வரம் என்றால் தவம் இருந்து பெறுவது. ஒற்றைக் காலில் நின்றவனுக்குத் தெய்வம் மனமிரங்கித் தருவது. அந்த நினைவு நம் ரத்தத்தில் ஊறியிருப்பதால் 21 நாள் உபவாசம், 40 நாள் உபவாசம் என்று கணக்கு வைத்து, முடிவில் வரம் இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பவுலின் சொல் ‘காரிஸ்மா’. கிருபை என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. உழைத்துச் சம்பாதிக்க முடியாதது. கத்தோலிக்கர் சொல்லும் ‘அருள்கொடை’ இதற்கு நெருக்கமானது. நம் ஊரில் கொடை என்றால் கோவில் திருவிழாதான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு கதை. உபவாசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரங்களை விரும்புங்கள் என்று பவுலே 1 கொரிந்தியர் 14:1-ல் சொல்கிறார். பகிர்ந்து கொடுப்பது ஆவியானவருடைய ‘சித்தத்தின்படியே’ என்று 12:11-லும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எத்தனை வரங்கள் என்று கேட்பவர்களுக்கு: 1 கொரிந்தியர் 12:8-10-ல் ஒன்பது, அதே அதிகாரம் 28-ம் வசனத்தில் எட்டு, ரோமர் 12-ல் ஏழு, எபேசியர் 4:11-ல் ஐந்து. இந்த நான்கில் எதுவும் மற்றதோடு ஒத்துப்போவதில்லை. நான்கிலும் வருவது தீர்க்கதரிசனம் மட்டுமே. 1 பேதுரு 4:11 எல்லாவற்றையும் போதிப்பது, உதவி செய்வது என்று இரண்டாகச் சுருக்கிவிடுகிறது. ஆக, பட்டியல்கள் எடுத்துக்காட்டுகளே. அதில் இல்லாததால் ஒன்று வரமில்லை என்றாகாது. யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படும் பெசலெயேல் பொன், வெள்ளி, மர வேலைக்காரன்.

உறுதிப்பூசுதல் என்ற கத்தோலிக்கச் சடங்குக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம். ஏசாயா 11-ஐ ஒட்டிக் கத்தோலிக்க மரபு சொல்லும் ஏழு கொடைகள் ஒவ்வொருவருக்கும் ஏழுமே உரியவை, அவரவர் தூய வாழ்வுக்கானவை. ‘இதில் எனக்கு எது?’ என்ற கேள்வியே அங்கு எழாது. அந்தக் கேள்வி கொரிந்தியர் கடிதத்தின் கொடைகளுக்கு உரியது.

சரி, எப்படித்தான் கண்டறிவது? வேலை கொடுத்துத்தான். அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரணைக்கு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேர் தேவைப்பட்டார்கள். நற்சாட்சி பெற்றவர்களைச் சபையே தெரிந்தெடுத்தது. அவர்களில் ஒருவரான பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கித்தது அதற்குப் பிறகு. ‘சுவிசேஷகன்’ என்ற பெயர் அவருக்கு 21-ம் அதிகாரத்தில்தான் வருகிறது. முதலில் வேலை, பிறகு கனி, கடைசியில்தான் பெயர். நம் முகாம்கள் பெயரிலிருந்து தொடங்குகின்றன.

ஒரு சேகரமோ (புராட்டஸ்டன்ட் சபை வட்டாரம்) கத்தோலிக்கப் பங்கோ செய்யக்கூடிய முறை இது. ஜூன் முதல் டிசம்பர் வரை முப்பது ஞாயிறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பமுள்ள ஒவ்வொருவருக்கும் பத்துப் பத்து வாரமாக மூன்று வேலை கொடுங்கள். ஒன்று மனிதரோடு பழகும் வேலை: படுக்கையில் கிடப்போரைப் பார்ப்பது, தனியாக இருக்கும் முதியோருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது. அடுத்தது வசனத்தோடு சம்பந்தப்பட்டது: ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வியிலோ சின்ன வகுப்பு, அல்லது வீட்டுக் கூட்டத்தில் பத்து நிமிட விளக்கம். மூன்றாவது கையும் கணக்கும் வேண்டிய வேலை: விருந்துச் சமையல், காணிக்கைக் கணக்கு, ஒலிபெருக்கி, வண்டி ஏற்பாடு. ஒருவர் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள விடக் கூடாது. பாட வந்தவனிடம் கணக்கு நோட்டைக் கொடுத்தால்தான் அவனிடம் ஆளுகை இருக்கிறதா என்று தெரியும். 1 கொரிந்தியர் 12:28-ல் ‘ஆளுகைகள்’ என்று வரும் வரத்துக்கான கிரேக்கச் சொல் கப்பல் செலுத்துவதைக் குறிப்பது. சுக்கான் பிடிப்பவரை நம் கடற்கரைக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, காணாமல் போனவர் பட்டியலை ஊர் ஊராகத் தொகுத்தவர்கள் செய்ததும் அந்த வகை வேலைதான். அவர்களில் யாரையும் அன்றைக்கு வரம் பெற்றவர் என்று மேடையேற்றவில்லை.

கவனிக்க மூன்று பேர் வேண்டும். வேலையால் பயனடைந்தவர் ஒருவர், மேற்பார்வை பார்ப்பவர் ஒருவர், உறவோ நட்போ இல்லாத மூன்றாமவர் ஒருவர். மூவருக்கும் மதிப்பெண் தாள் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு நான்கு வரி எழுதட்டும். யாருக்கு என்ன நன்மை நடந்தது? அவர்கள் மறுபடியும் இவரையே கூப்பிட்டார்களா? இவர் வராத வாரம் குறை தெரிந்ததா? தவறைச் சுட்டியபோது ஏற்றுக்கொண்டாரா? நான்காவது கேள்விக்கு முதல் மூன்றைவிட எடை அதிகம். கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாதது என்று முதல் அதிகாரத்தில் சொன்ன பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே மாம்சத்துக்குரியவர்கள் என்கிறார். வரம் இருப்பது முதிர்ச்சிக்குச் சான்று ஆகாது.

இந்த முறையும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவரைப் பார்வையாளராகப் போட்டால் நோட்டில் கோஷ்டிதான் இருக்கும். சபை ஊழியரின் மகனுக்குப் பிரசங்கமும் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகனுக்குப் பாய் விரிப்பும் கொடுத்தால் முடிவு முன்பே எழுதியாயிற்று. பெண்களுக்குச் சமையலை மட்டும் ஒதுக்குவதும் அப்படியே; பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் என்று அப்போஸ்தலர் 21:9 சாட்சி சொல்கிறது.

சோர்வைத் தவறாக வாசிப்பது இன்னொரு பிழை. நான்காம் ஐந்தாம் வாரத்தில் பெரும்பாலோருக்குச் சலிப்பு வரும். அது வரம் இல்லாததன் அடையாளம் அல்ல. கோட்டாறு பேராலயத்தின் பாதுகாவலர் சவேரியாருடைய தோழர் இஞ்ஞாசியார், மனம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று விதி வைத்தார். பத்து வாரமும் முடிந்து, ஓய்வும் எடுத்த பிறகு, திரும்பவும் அந்த வேலைக்கு மனம் போகிறதா என்று பாருங்கள். இரக்கம் செய்கிறவன் ‘உற்சாகத்துடனே’ செய்ய வேண்டும் என்று ரோமர் 12:8 சொல்வது இங்கே உரைகல்லாகும்.

பேச்சு வரங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. தீர்க்கதரிசனம் எதற்கு என்று 1 கொரிந்தியர் 14:3 சொல்லிவிட்டது: பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். இன்னாரைத் திருமணம் செய், இந்த நிலத்தை விற்றுவிடு, மாத்திரையை நிறுத்து என்பவை அதில் இல்லை. இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 29-ம் வசனம். ஆகவே தனியறையில் ஒருவர் காதில் சொல்லப்படுவதை அந்த இடத்திலேயே ஏற்க வேண்டாம். சொன்னவர் பெயர், தேதி, வார்த்தைகள் மூன்றையும் எழுதிவையுங்கள். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ இரண்டு மூப்பரோடு சேர்ந்து காட்டுங்கள். எழுதிவைப்போம் என்றதும் பின்வாங்குகிறவர் எத்தகையவர் என்று அப்போதே தெரிந்துவிடும். கத்தோலிக்கருக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 12-ம் எண்ணும் இதையே சொல்கிறது: கொடை மெய்யானதா என்று தீர்மானிப்பது சபைத் தலைவர்கள் பொறுப்பு, ஆவியை அணைப்பது அவர்கள் பொறுப்பல்ல.

குணமாக்கும் வரம் என்றால் சோதனைக்கு அஞ்சத் தேவையில்லை. இயேசு பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் காண்பிக்க அனுப்பினார் (லூக்கா 17:14). அன்றைய முறைப்படி அது பரிசோதனைதான். ஜெபித்துச் சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் மருந்தை நிறுத்தலாம். இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ மேடையிலிருந்து நிறுத்தச் சொல்கிறவருக்கு வேதத்தில் ஆதரவு இல்லை.

அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்காத பாஷையில் பேசுவது, குறித்துச் சபைகளுக்குள் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளமான பாஷையையும், சபையில் பயன்படும் பாஷை வரத்தையும் வேறுபடுத்துகின்றன. அதை மறுக்க வரவில்லை. ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று வேகவேகமாகச் சொல்ல வைத்து நாக்கு குழறுவதை வரம் என்று அறிவிப்பதை எந்த உபதேசமும் தாங்காது. அப்படி வராத பிள்ளை, தன்னிடம் மறைந்த பாவம் இருக்கிறதோ என்று அழுதுகொண்டு வீடு திரும்புகிறது. ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்ற 1 கொரிந்தியர் 12:30-ன் கேள்வியை அந்தப் பிள்ளைக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

வரம் பெறக் காணிக்கை உறை கேட்கும் இடத்தில் தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்க நினைத்தவனைப் பேதுரு கண்டிக்கும் அப்போஸ்தலர் 8:20-ஐ வாசித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

முழுநேர ஊழியம் என்று முடிவெடுக்கும் பிள்ளைகளுக்கு: ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே என்று பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கே எச்சரிக்கை தரப்பட்டது. உதவிக்காரரும் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் (1 தீமோத்தேயு 3:10). பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகள் இந்தச் சோதனைக்குப் போதுமான காலம். படித்துக்கொண்டே இரண்டு சுற்று வேலை பார்த்துவிடலாம். மெய்யான அழைப்பு என்றால் மூன்று ஆண்டில் அது தேய்ந்துவிடாது.

முப்பது வாரம் முடிந்தும் எதுவும் தெளிவாகவில்லை என்றால் அந்தப் பிள்ளையை ‘வரமில்லாதவன்’ என்று எழுதிவிடாதீர்கள். கொடுத்த வேலைகளை மாற்றுங்கள், பார்வையாளரில் ஒருவரையாவது மாற்றுங்கள், ஜனவரியில் அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். முகாம் நடத்துவோர் இந்த ஆண்டு வினாத்தாளை நகலெடுக்கும் பணத்தில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் அந்த நான்கு கேள்விகளையும் எழுத வைக்கலாம்.

இப்படிக்கு,
வேதபாட, மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.