திறப்புவிழாச் செய்திகளும் கேட்காத கேள்விகளும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, கிழமைக்கு ஒருக்கால் வந்துபோகிறாள். எனக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. உன் மனுசியின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்ததில் பெரிய நிம்மதி.

நீ எழுதியிருந்த ஒரு வரிதான் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது. அரசாங்கம் வீண்செலவு செய்து நாட்டைக் கவிழ்த்தது, பத்திரிகைகள் வாய்மூடி இருந்தன என்று முடித்துவிட்டாய். முதல் பாதி சரி. பத்திரிகைகள் வாய்மூடி இருந்தன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார்கள் மச்சான். எதை எழுதினார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

மத்தல விமான நிலையத்தை எடு. 2013 மார்ச்சில் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 21 கோடி டொலர், அதில் 19 கோடி சீன எக்சிம் வங்கிக் கடன். வருடத்துக்குப் பத்து லட்சம் பயணிகள் வந்துபோகலாம், எவ்வளவு பெரிய விமானமும் இறங்கலாம் என்று செய்திகளில் விபரம் குறைவில்லாமல் வந்தது. அந்தப் பத்து லட்சம் பேர் யார், எங்கிருந்து வருவார்கள், வராவிட்டால் கடனை எந்த வருமானத்தில் கட்டுவது? கொழும்பு ஆங்கில வார இதழ்களில் ஒருசிலர் கேட்டார்கள். முன்பக்கங்களில் நாடா வெட்டுகிற படம்தான். 2016இல் ஓடுபாதைக்கு வருகிற மானையும் எருமையையும் விரட்டப் படையினரையும் பொலிசாரையும் நூற்றுக்கணக்கில் இறக்கினபோது எல்லோருக்கும் எழுத வந்தது. கடன் கையெழுத்தாகி எத்தனை வருடம்! 2018இல் அங்கே வந்துகொண்டிருந்த கடைசி வெளிநாட்டு விமான சேவையும் நின்றுபோனது.

அந்த வருடங்களில் பயம் எப்படி இருந்தது என்பதையும் நீ மறக்கக்கூடாது. ‘சண்டே லீடர்’ பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி பட்டப்பகலில் வேலைக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரியில் காணாமல் போனார். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைத் திறந்தது அதே 2010இல். மத்தல திறந்த அடுத்த மாதம், 2013 ஏப்ரலில், ‘உதயன்’ பத்திரிகையின் கிளிநொச்சி அலுவலகத்தைத் தாக்கி, பிறகு யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரத்தையே எரித்தார்கள். பெரிய திட்டங்கள் எழும்பிய காலமும் பத்திரிகையாளர் செத்த காலமும் ஒன்றுதான். வீட்டில் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்த ஒரு நிருபரைப் பார்த்து, நீ ஏன் கேட்கவில்லை என்று தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் கேட்கக்கூடாது.

ஆனால் 2021இல் பயம் என்று சாட்டுச் சொல்ல முடியாது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்றவர்கள், மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். டொலர் தட்டுப்பாடுதான் உண்மையான காரணம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். பேராதெனியப் பேராசிரியர்கள் விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னதையும் அமைச்சர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, இரண்டு தரப்பும் சொல்லியாயிற்று என்று பத்திரிகைகள் ஒதுங்கிக்கொண்டன. எது சரி என்று பார்க்க ஒரு நிருபர் வயலுக்குப் போயிருந்தால் போதும்.

நான் போய்ப் பார்த்தேன். இரணைமடுக் குளத்தின் கீழ் மச்சினனுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, உனக்குத் தெரியும். அந்தப் பெரும்போகத்தில் பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. இலை மஞ்சளடித்துப்போய் நின்றது. ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். முக்கால்வாசி பதர், ஊதினவுடன் பறந்துவிட்டது. அவர் ஒன்றும் கதைக்கவில்லை, அடுத்த கதிரைப் பறித்தார். நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள்தான். ஆனால் விதைத்த பயிர் வர்த்தமானிக்காகக் காத்திருக்குமா? பிறகு யூரியா கறுப்புச் சந்தையில் மூட்டை 40,000 ரூபா வரை போனது.

அதைவிட என்னை உலுக்கியது 2022 ஜனவரி. கையிருப்பில் டொலர் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், 18ஆம் திகதி, சர்வதேச பிணைமுறிக்கு, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளரிடம் வாங்கிய கடன் பத்திரத்துக்கு, 50 கோடி டொலரைக் கட்டினார்கள். கட்டாமல் பேச்சுவார்த்தைக்குப் போங்கள், அந்தக் காசை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர் பலர் கெஞ்சினார்கள். செய்தி எப்படி வந்தது தெரியுமா? “கடன் உரிய திகதியில் செலுத்தப்பட்டது.” ஒரு சாதனைபோல. மார்ச் கடைசியில் பேராதெனிய போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. ‘த ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பேப்பரை அச்சடிக்க முடியாமல் நிறுத்தின. அந்தக் கடனைக் கட்டி மூன்று மாதம் ஆகமுன், ஏப்ரல் 12ஆம் திகதி, இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் இவற்றை விடாமல் எழுதினார்கள். அவர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள், அந்த நன்றிக்கடன் எங்களுக்கு என்றும் இருக்கும். ஆனால் வரவு செலவுத் திட்டம் வந்தால் எந்தச் சாமானுக்கு விலை கூடும் என்ற பட்டியலோடு நின்றுவிடுவார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து வந்த 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில், பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கினது சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கினதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் மண்ணில் முகாம்கள் ஏன் குறையவில்லை என்பதற்கான பதில் அந்தக் கணக்குக்குள்ளேயே கிடந்தது. அதை விரித்து எழுத ஆள் இல்லை.

இப்போது ஒரு பொடியன் இருக்கிறான், எனக்குப் பக்கத்து ஒழுங்கை, நிருபராக வேலை செய்கிறான். 2016இல் வந்த தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு, ஒரு வைத்தியசாலையில் வாங்கிய இயந்திரம் ஏன் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறான். அதை இயக்குகிறவருக்குப் பதவி அனுமதிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. கட்டடத்துக்குக் காசு உண்டு, ஆளுக்கு இல்லை. இவ்வளவு பெரிய விசயத்தை உள்பக்கத்தில் நாலு வரியாகப் போட்டார்கள். முன்பக்கம் முழுக்க அமைச்சரின் பேச்சு.

உன்னிடம் ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ முப்பது வருடத்துக்கு மேல் கணக்கோடு வாழ்ந்தவன். அரச செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கிற கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன, இணையத்தில் எடுக்கலாம். அவற்றை எப்படி வாசிக்கிறது, எந்தப் பந்தியில் விசயம் ஒளிந்திருக்கும் என்று இந்தப் பொடியனுக்கும் அவனோடு இருக்கிற நாலைந்து பேருக்கும் நீ சொல்லிக்கொடுக்க வேண்டும். சூமில் செய்யலாம், இங்கத்தை ஒழுங்கை நான் பார்க்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் இவர்களுக்கு வசதி. உனக்கு அப்போது காலை. சரிவருமா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி