கடினமான சொற்கள் போதும், 'ரன்' சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, எதிரே தமிழில் பொருள் போடுகிறீர்கள். நல்ல காரியம்தான், அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொற்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 'யுபிக்விடஸ்', 'எஃபெமரல்', 'கக்காஃபனி' என்று வாழ்நாளில் நாலு தடவை கண்ணில் படுகிற சொற்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, ஒருவர் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்று சொன்னால், பால் தீர்ந்துபோச்சு என்பதுதான் விஷயம் என்று புரியாமல் பிள்ளை முழிக்கிறது. மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். பெரிய சொல்லில் யாரும் தடுக்கி விழுவதில்லை, அதற்கு அகராதி இருக்கிறது. விழுவதெல்லாம் 'ரன்', 'செட்', 'கெட்', 'டேக்', 'புட்' மாதிரி ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டதாக நினைக்கும் சொற்களில்தான்.

'ரன்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிலேயே நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான், ஏறக்குறைய 430 பொருள். பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்தார்கள், 2011-இல் 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். அத்தனையும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து, இருபது போதும். ஆனால் அந்த இருபதையும் யாரும் சொல்லித்தருவதில்லை, 'ரன் என்றால் ஓடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

இதில் ஒரு விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. ஜெர்மன் மொழியில் 'ரின்னென்' என்றால் தண்ணீர் வழிவது, 'ரென்னென்' என்றால் ஆள் ஓடுவது, இன்றைக்கும் இரண்டும் தனித்தனிச் சொற்கள். பழைய ஆங்கிலத்திலும் இதேபோல இரண்டு இருந்தன, காலப்போக்கில் அவை கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. ஆகவே ஆங்கிலேயன் 'மை நோஸ் ஈஸ் ரன்னிங்' என்கிறபோது காலால் ஓடுவதிலிருந்து எதையும் இரவல் வாங்கவில்லை, தண்ணீர் ஓடுவது அந்தச் சொல்லுக்குள் ஆதியிலிருந்தே இருக்கிறது. குழாயைத் திறந்துவிடுவதும் ரன், துணியில் சாயம் இறங்குவதும் ரன். அப்புறம் மில் வந்தது, ரயில் வந்தது, எல்லாம் 'ரன்' ஆனது. கடைசியில் கம்ப்யூட்டர் வந்து, புரோகிராமையும் 'ரன்' செய்கிறோம்.

நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் தமிழில் 'ஓடு' அப்படித்தான் வேலை செய்கிறது. ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, மிஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் தாராளமாக 'ரன்' போடலாம். இதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தின் மேல் இருக்கும் பயமே பாதி குறைந்துவிடும். நாம்தான் ஆங்கிலம் நடத்தும்போது தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். அதே சமயம் 'கையும் ஓடல காலும் ஓடல' என்று பதற்றத்தைச் சொல்கிறோமே, அங்கே 'ரன்' உதவாது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

பிள்ளைகள் குழம்பும் முக்கியமான இடம் ஒன்று உண்டு, எந்தக் கையேட்டிலும் அதைத் தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை. தமிழில் தானாக ஓடினால் 'ஓடு', நாம் ஓடவைத்தால் 'ஓட்டு'. மாறு மாற்று, திரும்பு திருப்பு, ஓடு ஓட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் நமக்கு வேறு வேறு உருவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'. 'த பஸ் ரன்ஸ் டு மதுரை' என்றால் பஸ் ஓடுகிறது, 'ஹீ ரன்ஸ் எ பஸ் கம்பெனி' என்றால் அவர் பஸ் கம்பெனி நடத்துகிறார். 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்று பார்த்ததும் 'அவள் பள்ளிக்கு ஓடுகிறாள்' என்று எழுதும் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? ரன்னுக்குப் பின்னால் நேராக ஒரு பெயர் வந்து நின்றால் அது பெரும்பாலும் 'ஓட்டு' அல்லது 'நடத்து' என்று சொல்லிக்கொடுத்தால் போதும், பத்து வாக்கியத்தில் பிடித்துக்கொள்வார்கள். விதிவிலக்குகளும் உண்டு. 'ஹீ ரன்ஸ் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. அவற்றை அப்படியே வாக்கியமாகத்தான் மனதில் வாங்கவேண்டும்.

சின்ன ஒட்டுச்சொல் பின்னால் வந்தால் கதையே மாறிவிடும். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, 'ரன் ஓவர்' என்றால் வண்டி மேலே ஏறுவது, 'ரன் டவுன்' என்றால் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவதும் உண்டு, 'ரன் அப்' என்றால் கடனோ பில்லோ ஏறிக்கொண்டே போவது. கிரிக்கெட் பார்க்கிற பையனுக்கு 'ரன் அவுட்' தெரியும், அதோடு 'ஆஃப்' சேர்ந்தால் தீர்ந்துபோவது என்று தெரியாது. இதே கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் காலை அசைக்காமலே நாலு ரன், அங்கே ரன் என்பது ஓட்டமே இல்லை, கணக்கு. அந்தப் பையன் இதை யோசிக்காமலே புரிந்துவைத்திருக்கிறான், அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாமே.

செய்தி படிக்கவும் இது வேண்டும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முண்டியடித்தார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை 'பேங்க் ரன்' என்று எழுதின. வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பொருள் தெரியாவிட்டால் அந்தச் செய்தியில் பாதி போய்விடும். தேர்தலும் அப்படியே. நம் ஊரில் தேர்தலில் 'நிற்கிறார்கள்', பிரிட்டனிலும் 'ஸ்டாண்ட்' என்பார்கள், அமெரிக்காவிலோ 'ரன்'. துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது, முக்கியமான குதிரைக்கு வேகம் பிடித்துக்கொடுக்க அதே லாயத்திலிருந்து கூடவே ஓடவிடும் இன்னொரு குதிரை. இணையத்தில் சில மொழிபெயர்ப்புகளில் அமெரிக்க வேட்பாளர் 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று வருகிறது. அதைப் படித்து வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வராது, தமிழும் கெட்டுப்போகும்.

இப்படிப் பொருள் பொருளாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. பிரிட்டிஷ் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1953-இல் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். எந்தச் சொல் அதிகம் வருகிறது என்பதோடு அவர் நிற்கவில்லை, ஒரு சொல் எந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வருகிறது என்பதையும் சேர்த்துப் போட்டார். ஆசிரியருக்கு அதைவிட உபயோகமான தகவல் வேறு இல்லை.

நம் இலக்கணமும் இதைத்தான் செய்திருக்கிறது. 'கடி' என்ற ஓர் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருள் சொல்கிறது. நன்னூல் அதைப் பதிமூன்றாக விரிக்கிறது. உரையாசிரியர்கள் பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, கூர்மைக்குக் 'கடிநுனைப் பகழி', புதுமைக்குக் 'கடிமலர்' என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வைத்தார்கள். எடுத்துக்காட்டு இல்லாமல் பொருள் மனதில் நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் காலத்தில் க்ரியா அகராதி தமிழ்ச் சொற்களுக்கு இதே உழைப்பைச் செய்திருக்கிறது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஆங்கிலம்–தமிழ்ப் பாக்கெட் அகராதிகளில் 'ரன்' என்று பார்த்தால் ஓடு, பாய், நடத்து, ஓட்டம் என்று காற்புள்ளி போட்டு வரிசையாக இருக்கும், எது எப்போது என்று ஒரு வாக்கியம்கூட இருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இது. தினம் ஒரு புதுச் சொல் என்பதை நிறுத்திவிட்டு, வாரம் முழுக்க ஒரே சின்னச் சொல்லைப் போடுங்கள். நாளுக்கு மூன்று பொருள், ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் வீட்டிலோ பஸ்ஸிலோ சொல்லக்கூடிய ஒரு வாக்கியம், எதிரே நாம் உண்மையில் பேசுகிற தமிழ். 'நோஸ் ஈஸ் ரன்னிங்' என்பதற்கு 'மூக்கு ஒழுகுது' என்றே போடுங்கள், 'நாசியிலிருந்து நீர் வடிகிறது' என்று வேண்டாம். முதல் வாரம் 'ரன்', அடுத்தது 'கெட்'. வாக்கியங்கள் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதிவைத்திருப்பவற்றை அனுப்பித்தருகிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.