திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. விழாக்கால அலங்கார வளைவை, தனித்தனியே நிறம் மாறும் 300 எல்ஈடி விளக்குகளாக, அதாவது பிக்சல்களாகப் பெருக்கிவிட்டீர்கள் என்பதையும், இம்முறை காட்சித்தொடரை உங்கள் மகளே கணினியில் அமைத்தார் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். கடிதத்தின் பின்பாதி மட்டும் என்னைச் சற்றுக் கவலைப்பட வைத்தது. காற்றடைத்த பொம்மைக்கான ஏர் ப்ளோயர் ஓடத் தொடங்கியதும் வளைவெங்கும் வேண்டாத நிறங்கள் பளிச்சிட்டு மறைகின்றன என்றும், மின் இரைச்சலைத் தடுக்க ஃபில்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இதே கோளாறோடு சென்ற ஆண்டு மூன்று இரவுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், விளக்குகளுக்கு நிறத்தைச் சொல்லும் உங்கள் டேட்டா சிக்னல் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். விளக்குகள் ஒரு கணம் உறைந்து நின்று பிறகு ஓடினால், அது பெரும்பாலும் கணினிக்கும், விளக்குகளுக்கு ஆணையிடும் கண்ட்ரோலருக்கும் இடையிலுள்ள நெட்வொர்க்கின் தடுமாற்றம். வைஃபையில் அனுப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பிரகாசத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்ததும் கோளாறு மறைந்தால், மின்னோட்டம் ஏறும்போது ஒயர்களில் வோல்டேஜ் விழுகிறது என்று பொருள். வெள்ளை காட்ட வேண்டிய கடைசி பிக்சல்கள் சிவந்து தெரிவதும் அதற்கு அடையாளம்; நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டியிருப்பதால் அவையே முதலில் மங்குகின்றன. நீங்கள் எழுதியிருப்பதுபோல், ஓடுகிற காட்சி ஓடிக்கொண்டே இருக்க, நடுவில் தாறுமாறான நிறம் ஒரு நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறைந்தால் அது சிக்னலில் விழுந்த காயம்.

அந்தக் காயம் எவ்வளவு எளிதாக விழக்கூடியது என்பதை நினைத்தால் இந்த விளக்குகள் ஒழுங்காக எரிவதே எனக்கு வியப்பாக இருக்கிறது. டபிள்யூஎஸ்2811 என்ற சிப் வகைப் பிக்சல்களுக்கு நொடிக்கு 8,00,000 பிட்கள், அதாவது சுழியம் அல்லது ஒன்று என்ற குறிகள், போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 1.25 மைக்ரோ நொடி. உங்களிடமுள்ள 5 வோல்ட் பிக்சல்களில் அந்த நேரத்துக்குள் சிக்னல் சிறிது நேரமே உயர்ந்து நின்றால் சுழியம், அதைவிடக் கூடுதல் நேரம் நின்றால் ஒன்று. வந்தது சரியா தவறா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது. எதைப் பெற்றதோ அதை அப்படியே நிறமாக்கிவிடும். ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய 24 பிட்களை எடுத்துக்கொண்டு, மீதியைப் புதிதாக வடிவமைத்து அடுத்ததற்குத் தள்ளுகிறது. வழியில் ஒரு பிட் மாறினால் ஒரு பிக்சலின் நிறம் கெடும்; ஒரு பிட் தொலைந்தாலோ கூடுதலாக நுழைந்தாலோ பின்னாலுள்ள அத்தனை பிக்சல்களின் கணக்கும் ஓர் இடம் நகர்ந்துவிடும். அடுத்த சட்டகம், அதாவது எல்லாப் பிக்சல்களுக்குமான அடுத்த நிறத் தொகுப்பு, வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால், நம் கண்ணுக்கு அது பொறி தெறித்ததுபோல் தெரிகிறது.

இதிலிருந்து நமக்குப் பயனுள்ள ஒரு செய்தி கிடைக்கிறது. கோளாறு 37-ஆவது பிக்சலிலிருந்து தொடங்கினால், 36-க்கும் 37-க்கும் இடையிலுள்ள இணைப்பையோ அந்த இரண்டில் ஒன்றையோ பார்த்தால் போதும். உங்களுக்கு முதல் பிக்சலிலிருந்தே தொடங்குகிறது. அப்படியானால் கண்ட்ரோலரிலிருந்து வளைவின் அடிவரை போகும் அந்த ஒற்றைக் கேபிளிலோ அதன் இரு முனைகளிலோதான் விடை இருக்கிறது. விளக்குச் சரம் முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை.

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் கண்ட்ரோலரிலிருந்து முதல் பிக்சல் வரை சுமார் 10 மீட்டர் தொலைவு. கணினி நெட்வொர்க்குக்குப் பயன்படும் கேட்5 கேபிளைத்தான் போட்டிருந்தேன். ப்ளோயர் ஓடினால் பொறி, நின்றால் அமைதி. முதல் இரவு ப்ளோயரின் மின்கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களை மாட்டினேன். சற்றுக் குறைந்தது, தீரவில்லை. இரண்டாம் இரவு பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு கேபிள்கள் ஓடும் வழியெல்லாம் நடந்தேன். இது எளிய சோதனை, நீங்களும் செய்து பாருங்கள்: இரைச்சலைக் கக்கும் ஒயரின் அருகே போனதும் ரேடியோ கரகரக்கும். ப்ளோயர் கேபிளும் டேட்டா கேபிளும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்த ஆறு மீட்டரிலும் அது கத்தித் தீர்த்தது. கட்டை அவிழ்த்து இரண்டையும் ஒரு முழத்துக்குமேல் விலக்கி, கடக்க வேண்டிய ஓரிடத்தில் செங்குத்தாகக் கடக்க விட்டேன். பாதிக்குமேல் குறைந்தது. அப்போதும் முழுமையாகப் போகவில்லை.

மூன்றாம் இரவில்தான் கேபிளின் முனையை உரித்து, டார்ச் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். டேட்டாவுக்கு ஆரஞ்சு ஒயரையும், அது திரும்பி வரும் வழியான கிரவுண்டுக்கு நீல ஒயரையும் இணைத்திருந்தேன். கேட்5 கேபிளுக்குள் ஆரஞ்சும் ஆரஞ்சு-வெள்ளையும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஒரு ஜோடி. நீலமும் நீல-வெள்ளையும் வேறொரு ஜோடி. முறுக்கின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஒயர்களும் இடம் மாறுவதால், பக்கத்துக் கேபிளின் காந்தப்புலம் ஒரு சுற்றில் தூண்டுவதை அடுத்த சுற்று அழித்துவிடுகிறது. போகிற ஒயர் ஒரு ஜோடியிலும் திரும்புகிற ஒயர் வேறொரு ஜோடியிலும் இருந்தால் அந்த நன்மை அடியோடு போய்விடும். முறுக்கு இருந்தும் இல்லாததுபோல்தான். கிரவுண்டை நீலத்திலிருந்து எடுத்து ஆரஞ்சு-வெள்ளைக்கு மாற்றி, இரண்டு முனைகளிலும் ஈயம் பற்றவைத்து, மீண்டும் ப்ளோயரைப் போட்டேன். ஒரு பொறிகூட இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. உங்கள் கேபிளையும் முதலில் இப்படித் திறந்து பாருங்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதன்மையான வேண்டுகோள்.

திரும்பும் வழியில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லியாம்பியர் இழுக்கும். 50 பிக்சலுக்கு 3 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.024 ஓம். அந்த 3 ஆம்பியர் 10 மீட்டர் கிரவுண்ட் ஒயரில் திரும்பி வந்தால் 0.7 வோல்ட் அதிலேயே விழுகிறது. அதாவது பிக்சலின் கிரவுண்ட், கண்ட்ரோலரின் கிரவுண்டைவிட 0.7 வோல்ட் உயர்ந்து நிற்கிறது. காட்சியில் நிறம் மாறும்போதெல்லாம் அந்த மட்டமும் ஏறி இறங்குகிறது. அலங்காரம் தனக்குத்தானே குறுக்கீடு செய்துகொள்ளும் நிலை இது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கண்ட்ரோலரின் கிரவுண்டிலும் மறு முனையை முதல் பிக்சலின் கிரவுண்டிலும் வைத்து, வளைவை முழு வெள்ளையில் எரியவிட்டு அளந்து பாருங்கள். நான் பவர் சப்ளையைக் கண்ட்ரோலர் பக்கத்திலிருந்து எடுத்து, மழை படாத பெட்டிக்குள் வளைவின் அடியிலேயே வைத்துவிட்டேன். டேட்டா ஜோடியின் கிரவுண்ட் மட்டும் கண்ட்ரோலரையும் வளைவையும் இணைக்கிறது.

இரண்டாவது பவர் சப்ளை சேர்த்த பிறகு பின்பாதி வளைவு பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது என்று எழுதியிருந்தீர்களே, அது வேறு கோளாறு. இரண்டு சப்ளைகளின் மைனஸ் (கிரவுண்ட்) ஒயர்களும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டேட்டாவுக்குத் திரும்பும் வழியே இல்லை. பிளஸ் ஒயர்களை மட்டும் ஒருபோதும் இணைக்காதீர்கள். இரண்டாம் சப்ளை தொடங்கும் இடத்தில் பிளஸை வெட்டித் தனியாக்கிவிடுங்கள்.

உங்கள் கண்ட்ரோலர் 3.3 வோல்ட் சிக்னல் தருகிற சிறிய வகை என்று நினைக்கிறேன். 5 வோல்ட்டில் இயங்கும் பிக்சல், 3.5 வோல்ட்டுக்கு மேலிருந்தால்தான் அதை உயர்ந்த நிலையாக உறுதியாக ஏற்கும் என்கிறது டேட்டா ஷீட். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது 3.3 வோல்ட்டும் வேலை செய்துவிடும். நீளமான கேபிளும் இரைச்சலும் சேர்ந்த இடத்தில் கைவிட்டுவிடும். 74ஏஹெச்சிடி125 என்ற சிறிய ஐசி ஒன்றைக் கண்ட்ரோலர் முனையில் வைத்து 5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். அதன் வெளியீட்டில் 100 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால், கேபிளின் மறுமுனையில் மோதித் திரும்பும் அலையும் அடங்கும்.

பழைய சீரியல் லைட்டுகளை டிம்மர் சேனல்களில் இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்த டிம்மர்களிலுள்ள டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றின் நடுவிலும் சட்டென்று திறக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் பாதிப் பிரகாசத்தின்போது சுழியத்திலிருந்து 325 வோல்ட் உச்சத்துக்கு ஒரே தாவல், நொடிக்கு 100 முறை. ஆகவே அந்த ஒயர்களையும் டேட்டாவிலிருந்து விலக்கியே வையுங்கள். டிம்மரை அணைத்த பிறகும் அதில் மாட்டிய எல்ஈடி சரம் மங்கலாக எரிவது குறுக்கீடு அன்று. டிம்மருக்குள்ளிருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம். அந்தச் சரத்தோடு இணையாக 7 வாட் இழை பல்பு ஒன்றைப் போட்டால் கசிவை அது விழுங்கிவிடும்.

ஒன்றை மட்டும் மனம் பதறிச் சொல்கிறேன். எர்த் ஒயரைக் கழற்றினால் இரைச்சல் போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரத் தரையில் குழந்தைகள் தொட்டுப் பார்க்கிற அலங்காரம் அது. 30 மில்லியாம்பியர் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் அடிக்கடி விழுந்தாலும் அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பவர் சப்ளையின் ஃபில்டரும் எர்த்துக்குச் சிறிது கசியவிடும், பல சேர்ந்தால் அது கூடிவிடும். முதலில் எங்காவது இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சப்ளைகளை இரண்டு சர்க்கியூட்டுகளாகப் பிரித்துவிடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளைத் திறந்ததும், டேட்டாவுக்கும் கிரவுண்டுக்கும் எந்த எந்த நிற ஒயர்கள் போகின்றன என்பதையும், முழு வெள்ளையில் மீட்டர் காட்டிய வோல்டேஜையும் எனக்கு எழுதுங்கள். கூடவே உங்கள் மகளின் காட்சித்தொடரில் எத்தனை சேனல்கள் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்; அடுத்த முறை அவரோடு உட்கார்ந்து அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்