இடப்பக்கம், கடைசிப் பெயர்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு நண்பா,

நலமா? முட்டிவலி குறைந்ததா? இங்கே ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் மழைதான். லிட்டில் இந்தியா பக்கம் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவதுகூட நின்றுபோயிற்று. வீட்டிலேயே கிடப்பதால் நம் வாசகர் வட்டத்தின் பழைய அகப்பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 1998-இல் நீ எழுதிக் கொடுத்த சிடி இன்னும் படிக்கிறது. 42 பக்கங்களும் பத்திரமாக இருக்கின்றன.

"எதையும் மாற்றாதே, அப்படியே ஏற்றிவிடு" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சரி என்று முதலில் அப்படியே ஏற்றியும் பார்த்தேன். இப்போது சொல்கிறேன், திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனிக் கோப்பைக் காட்டுகிற அந்தப் பிரேம்களை எடுத்துவிட வேண்டும். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சுங்கைப்பட்டாணிப் பெரியவரை நினைவிருக்கிறதா? தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். அவர் பேரன் எப்படியோ என் எண்ணைப் பிடித்து, தாத்தா எழுதியது கிடைக்குமா என்று கேட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே இருந்த முகவரியை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவனுக்குத் திறந்தது முகப்புப் பக்கம். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே நிற்பது பிரேம்செட் கோப்பின், அதாவது கட்டங்களைப் பிரித்துவைக்கும் வெளிக் கோப்பின் முகவரிதானே? உள்ளே பக்கம் மாறுவது அதற்குத் தெரியாது.

"இடப்பக்கம், கடைசிப் பெயரை அழுத்து தம்பி" என்றேன். "கடைசியில் வேற யாரோ பெயர் இருக்கு அங்கிள்" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உருட்டுப் பட்டை அசிங்கமாக இருக்கிறது என்று நீ இடது பிரேமுக்கு 'ஸ்க்ரோலிங் நோ' போட்டிருந்தாய். அவன் மடிக்கணினியில் பட்டியலின் கடைசி இரண்டு பெயர்கள் திரைக்குக் கீழே போய்விட்டன. உருட்டவும் முடியாது. அந்த இரண்டில் ஒன்று அவன் தாத்தா.

அப்புறம் உள் கோப்பின் பெயரைத் தேடி எடுத்து நேராக அதையே அனுப்பினேன். திறந்தது, ஆனால் மொட்டையாக. எழுதியவர் பெயர் இடப்பக்கப் பட்டியலில்தான் இருந்தது, வட்டத்தின் பெயர் மேல் பிரேமில் இருந்தது. கட்டுரை மட்டும் தனியாக வந்து நின்றது. "இது தாத்தா எழுதியதுதானா அங்கிள்?" என்று கேட்டான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தேடுபொறி வழியாக வருகிறவருக்கும் இதே கதிதான். உள் பக்கம் மட்டும் அகப்படும். அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் தெரியாது. திரும்பிப் போக வழியும் இருக்காது.

உன்னைக் குறை சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மோடம் கீச்சிட்டு இணைந்த அந்தக் காலத்தில் பட்டியல் ஒரு தடவை இறங்கினால் போதும், கட்டுரை மட்டும் மாறும் என்பது பெரிய விஷயம். புதுப் பெயர் ஒன்றைச் சேர்க்க 42 கோப்புகளையும் திறக்க வேண்டியதில்லை, ஒரே கோப்பு. நெட்ஸ்கேப் 2.0 பிரவுசர் அதைக் கொண்டுவந்தபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பும் 1997 டிசம்பரில் பிரேமை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1996 டிசம்பரில், பிரேம் வேண்டாம் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதிவிட்டார். பக்கத்துக்கு ஒரு முகவரி என்ற அடிப்படையையே இது உடைக்கிறது என்பதுதான் அவர் வாதம். அப்போது நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2014-இல் வந்த எச்டிஎம்எல்5 பிரேம்செட்டைத் தள்ளியே வைத்துவிட்டது. பிரவுசர்கள் இன்றும் காட்டுகின்றன, அது உண்மை. ஆனால் கைப்பேசியில் திறந்து பார், எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும்.

தமிழ் எழுத்துரு பட்ட பாடு தனி. ஒவ்வொரு பிரேமும் தனிக் கோப்பு என்பதால் ஒவ்வொன்றிலும் எழுத்துருவைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றில் விட்டுப்போனால் கட்டுரை தமிழில் இருக்கும், பட்டியல் மட்டும் கிறுக்கலாக வரும். 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுச் சமயத்தில் இதைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாவற்றையும், தனி எழுத்துரு கேட்காத பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், 19 பக்கம் முடிந்தது.

நான் செய்ய நினைப்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் வட்டத்தின் பெயர், எழுதியவர் பெயர், ஆண்டு. பட்டியல் முன்போல ஒரே கோப்பாக இருக்கும். பக்கம் போகும்போது சர்வரே அதைச் சேர்த்து அனுப்பிவிடும். ஆக, நீ அன்றைக்கு விரும்பிய வசதி போகாது. நிறம், எழுத்தின் அளவு, நீ வரைந்த குத்துவிளக்குப் படம் எதையும் தொடமாட்டேன். பழைய பிரேம் வடிவத்தையும் அழிக்காமல் தனியாக ஒரு மூலையில் வைக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும்.

பெரியவர் பக்கத்தை மட்டும் முதலில் முடித்துப் பேரனுக்கு அனுப்பிவிட்டேன். அவன் அதை அப்பாவுக்கு அனுப்பி, அவர் தன் தங்கைக்கு அனுப்பி, நேற்று கிள்ளானிலிருந்து அந்த அம்மா பேசினார். அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் 8 பக்கம் இருந்ததாம், அது நம்மிடம் உண்டா என்று கேட்டார். என் சிடியில் இல்லை. உன் பழைய கணினியில் இருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல். கிடைத்தால் நானே இரயிலேறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்