எல்லாம் நன்றாக இருக்கும்போது வரும் பயம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாலு வரி எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அதை உனக்குச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நிதானமாக எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி.

வீட்டில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், ஆனாலும் காலையில் கண் விழித்ததும் வயிறு பிசைகிறது, எதற்கென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அது அவ்வளவு பழக்கமான காலை. நினைவு வருவதற்கு முன்னாலேயே பயம் வந்துவிடும். அப்புறம் அந்தப் பயத்துக்கு ஒரு காரணத்தைத் தேடி மனம் வீடு முழுக்க அலையும். கடைசியில் ஏதாவது ஒன்று கிடைத்தும்விடும்.

இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்கிறாய். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2019-இல் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். "வேலை இல்லாதவளுக்கு வருகிற வியாதி" என்று உன் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க ஓடி ஓடி உழைக்கிறவர்களுக்கும் இது வருகிறது. நீயே அதற்குச் சாட்சி.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொது மருத்துவரைப் பார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் இதே படபடப்பு, இதே கை நடுக்கம், இதே தூக்கக் கெடுதல் எல்லாம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் போ. ஆறு மாதத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத கவலை இருக்கிறதா என்று கேட்பார். தூக்கம், சோர்வு, எரிச்சல், கவனம் நிற்காமை, தோளும் கழுத்தும் இறுகிப்போவது பற்றியும் கேட்பார். நீ எழுதியதைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆமாம் என்றுதான் சொல்வாய். பொதுவான பதற்ற நோய் என்று இதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்த அன்றைக்கு எனக்குப் பாதி பாரம் இறங்கியது. என் சுபாவமே இப்படித்தான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டதும் எனக்கு உதவியது. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால் போதும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாக ஆகும், செரிமானம் மெதுவாகும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கியிருக்கிறார். ஓட வேண்டிய ஆபத்து எதிரில் இருந்தால் இது உயிரைக் காப்பாற்றும். பிள்ளை இன்னும் போன் எடுக்கவில்லையே என்ற நினைப்புக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது. உன் வயிற்றுப் பிசைவு உன் கோழைத்தனம் என்று இனி நினைக்காதே. அது ஒரு நல்ல காவல், தேவையில்லாத நேரத்தில் கூப்பாடு போடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருந்தாய். மகன் அலுவலகம் போய்ச் சேர்ந்தானா என்று போன் செய்கிறாய். சேர்ந்துவிட்டேன் என்கிறான். நிம்மதி. கொஞ்ச நேரத்தில், அவன் குரல் ஏன் ஒரு மாதிரி இருந்தது என்று ஆரம்பிக்கிறது. மறுபடி போன். ராத்திரியில் கணவரை எழுப்பி "ஒன்றும் ஆகாது இல்லையா?" என்று கேட்கிறாய். அவர் "ஆகாது, தூங்கு" என்கிறார். அப்புறம் இருட்டில் போனை எடுத்து, நெஞ்சில் வருகிற அந்தச் சின்ன வலிக்கு என்ன அர்த்தம் என்று தேடுகிறாய். இதையெல்லாம் பதற்றத்தைத் தணிக்கும் வழிகள் என்று நீ நினைக்கிறாய். பதற்றம் இவற்றைத் தின்றுதான் வளர்கிறது.

கேட்டதும் கிடைக்கிற நிம்மதி உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. அதனால்தான் அது பொல்லாதது. "கேட்டேன், அதனால்தான் தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை கேட்காமல் இருப்பது இன்னும் கடினமாகிவிடும். கடனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. கட்டின அன்றைக்கு வாசலில் சத்தம் இருக்காது, அசல் அப்படியே கிடக்கும்.

என் கவுன்சிலர் என்னிடம் நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொன்னார். போன் செய்யத் தோன்றினால் பத்து நிமிடம் பொறு, பிறகும் தோன்றினால் செய் என்றார். அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரியும். நெஞ்சு அடிக்கும், கையில் எடுத்த வேலை ஓடாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பதற்றம் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் அப்படியே நிற்கும், அப்புறம் நான் எதுவும் செய்யாமலே இறங்கும். அதற்கு முன்பு அது இறங்கும் வரை நான் காத்திருந்ததே கிடையாது. ஏறும்போதே போனை எடுத்துவிடுவேன். அதனால் அது தானாகவே இறங்கும் என்பது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. பத்து நிமிடத்தை அரை மணியாக்கினோம். சில நாட்கள் முடியும், சில நாட்கள் முடியாது. முடியாத நாளுக்காக வருந்தாமல் அடுத்த நாள் மறுபடி முயன்றேன்.

வீட்டில் இருப்பவர்களிடமும் இதைப் பேசிவிடு. கேட்டவுடனே ஆறுதல் சொல்வதுதான் அன்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லச் சொல். "ஒன்றும் ஆகாது" என்ற உறுதிமொழி வேண்டாம். அதைக் கொடுக்க யாராலும் முடியாது, அது உனக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை கொஞ்ச நேரம்கூடத் தாங்குவதில்லை.

நினைக்கக்கூடாது என்று மனதை அடக்குவதாக எழுதியிருந்தாய். அதை விட்டுவிடு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இனி நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி இன்னும் அதிகமாக வந்தது. வருகிற நினைப்பை வரவிடு. அது சொல்கிற வேலையை மட்டும் உடனே செய்யாதே.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1983-இல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குவது. பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவைத்துவிட்டு, அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுவது. நான் சாயங்காலம் வைத்துக்கொண்டேன். படுக்கப்போகும் நேரத்துக்கு முன்னால் மட்டும் வேண்டாம். படுக்கையும் வேண்டாம், அது தூங்குகிற இடமாகவே இருக்கட்டும். சாயங்காலம் அந்த நோட்டைத் திறந்தால், காலையில் உயிர் போகிற மாதிரி இருந்த விஷயத்தைப் பற்றிப் பல நாட்களில் யோசிக்கவே ஒன்றும் இருக்காது. செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்தால் மறுநாள் வேலைகளோடு சேர்த்துவிடுவேன்.

இப்படி எழுதிவைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பொதுவான பதற்ற நோய் இருந்த 29 பேரைத் தங்கள் கவலைகளை எழுதச் சொல்லி, அவை நடந்தனவா என்று பின்னால் பார்க்கச் சொன்னார்கள். 2020-இல் வெளியான ஆய்வு அது. நூற்றுக்கு 91 கவலைகள் நடக்கவே இல்லை. நீயும் மாதக் கடைசியில் ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார். அதையே மணிக்கொரு தரம் பார்த்தால் அதுவும் போன் செய்வது போல ஆகிவிடும், அதனால் மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

மீதி ஒன்பது? உன் கேள்வி எனக்குக் கேட்கிறது. எனக்கு அதில் ஒன்று நடந்தது. அம்மா விழுந்துவிடுவாள் என்று பல வருடம் பயந்தேன். போன வருடம் விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது. நான் எதையுமே நினைக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அது நடந்தது. அத்தனை வருடப் பயம் அவளை ஒரு நொடிகூடத் தாங்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கவில்லை. யாரைக் கூப்பிட வேண்டும், எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நிஜமான கஷ்டத்தைச் சமாளிக்க என்னால் முடியும் என்பதை அந்தக் கவலைகள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. உன்னாலும் முடியும். உன் அப்பாவின் கடைசி நாட்களில் நீ எப்படி நின்றாய் என்று நான் கூடவே இருந்து பார்த்தவள்.

மூச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். காபியைக் காலையோடு நிறுத்திக்கொள். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அப்புறம் தினமும் நட. இவ்வளவுதான். இவை துணைக்கு நல்லவை, ஆனால் இவற்றை மட்டும் நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

மாத்திரை என்றால் அடிமையாகிவிடுவேன் என்று பயப்படுகிறாய். எல்லா மாத்திரையும் ஒன்றில்லை. பென்சோடயசெபின் வகை சீக்கிரம் அமைதிப்படுத்தும், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் அதை நம்பி இருக்கும் நிலை வந்துவிடும். அதனால் அதைக் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள். எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை வேறு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரை அது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்கள் பதற்றம் கொஞ்சம் கூடினாற்போலக்கூட இருக்கலாம். நிறுத்தும்போதும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உனக்கு மாத்திரை வேண்டுமா, பேச்சு சிகிச்சையே போதுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடாதே, தயவுசெய்து. ஒருவேளை என்றாவது வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், அதை மட்டும் தள்ளிப்போடாதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, அன்றைக்கே மருத்துவரிடம் போவோம்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போன முதல் வாரம் என் நோட்டில் பக்கம் பக்கமாக நிரம்பியது. பதற்றம் எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வரும். அது வந்த நாளிலும் சமைக்கிறேன், சிரிக்கிறேன், வெளியே போகிறேன். அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறாள், உன்னை விசாரித்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் எழுது. மருத்துவரிடம் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தேதியைச் சொல், நான் வந்துவிடுகிறேன். வெளியே காத்திருக்கிறேன், நீ உள்ளே போய்ப் பேசு.

என்றும் அன்புடன்,
உன் தோழி