எங்கே படித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஆசையாக எழுதிய கட்டுரையில் பாதியை யாரோ வெட்டிவிட்டு, மிச்சத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டதாக வாசகர் ஒருவர் இப்பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். அவர் கோபம் நியாயம்தான், வெட்டியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நானும் அங்கே எழுதுகிறவன், புதியவர்களுக்கான பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கணக்குத் தொடங்குவது, தமிழ்த் தட்டச்சு, படம் ஏற்றுவது, மதியச் சாப்பாட்டுக்குள் ஆளுக்கொரு கட்டுரை. எத்தனை கட்டுரை என்று கணக்குக் காட்ட வசதி. 'இதை எங்கே படித்தீர்கள்?' என்ற கேள்வி மட்டும் கடைசியில், எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வருகிறது. அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுத ஆர்வமாக வருகிறவர்கள் உண்டு. கேட்டால் பள்ளியில் சொன்னார்கள், வாட்ஸப்பில் வந்தது என்பார்கள். சாயங்காலம் பிரகாரத்தில் நின்று பார்த்தால் நிழல் நன்றாகவே விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதை மறுக்க வருகிறவரும் 'நானே பார்த்தேன், நிழல் விழுகிறது' என்று எழுதுவார். உண்மைதான், ஆனாலும் விக்கிப்பீடியாவில் அது செல்லாது. நாம் பார்த்ததையும் நாமே கண்டுபிடித்ததையும் எழுத அது இடமில்லை, வேறொருவர் ஆராய்ந்து வெளியிட்டதைச் சுருக்கிச் சொல்லும் இடம். நிழல் விழும் படத்தைத் தாராளமாக, படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம், ஆனால் கட்டுரையில் வரும் வரிக்கு நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ பக்க எண்ணோடு காட்ட வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள்தான். முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. 'உலகமே வியக்கும் அதிசயக் கோயில்' என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரி அந்தக் கோயிலுக்கு அதிக மரியாதை.

சின்ன ஊர்க் கோயிலுக்கு இவ்வளவு கிடைக்காதே என்பீர்கள். தலபுராணம் இருந்தால் 'தலபுராணத்தின்படி' என்று சொல்லிவிட்டு எழுதுங்கள், அதையே வரலாறாக மாற்ற வேண்டாம். கும்பாபிஷேக மலரில் திருவிழா எந்த மாதம், குடமுழுக்கு எந்த ஆண்டு என்பதற்குச் சான்று எடுக்கலாம். கோயில் 2000 ஆண்டுப் பழமையானது என்பதற்கு அதே மலரைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் கோயிலைப் பற்றிக் கோயிலே போட்ட புத்தகம் அது. எதுவுமே கிடைக்கவில்லையா, கட்டுரை நாலு வரியோடு நிற்கட்டும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, அது கற்பனையாகச் சொல்லும் நூல் பெயர்களை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களும் வருகிறார்கள். அதற்கு இந்த நாலு வரி எவ்வளவோ மேல்.

நடுநிலை என்றால் இன்னும் சிக்கல். தலைவர்களின் கட்டுரைக்கு வருகிறவர்கள் அடைமொழியில்தான் முதலில் சண்டை போடுகிறார்கள். கட்டுரையின் தலைப்பு மு. கருணாநிதி என்றுதான் இருக்கும். கலைஞர் என்று மக்கள் அழைத்தார்கள் என்பது உள்ளே ஒரு தகவல். அதில் அவமரியாதை எதுவும் இல்லை, எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் இதே அளவுகோல். சாதிக் கட்டுரைகள்தான் உண்மையான போர்க்களம். இராசராசன் எங்கள் ஆள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதியினர் சொல்கிறார்கள், ஆளாளுக்குச் சொந்தச் சங்க மலரையே சான்றாகவும் காட்டுகிறார்கள். ஆளுக்குப் பாதி இடம் கொடுத்துச் சமாதானம் செய்வதை நடுநிலை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரலாற்று அறிஞர்கள் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்களோ அந்த அளவுக்குத்தான் கட்டுரையிலும் இடம், சங்க மலர் எத்தனை பக்கம் இருந்தாலும் சரி.

பழைய விக்கிப்பீடியர்களிடமும் எனக்குக் குறை உண்டு. 'சான்று தேவை' போன்ற வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்பை) ஒட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் வழிகாட்டுவது இல்லை. வரவேற்புச் செய்தியில் இருக்கும் அத்தனை இணைப்புகளையும் எந்தப் புதியவரும் படிக்கப் போவதில்லை. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் 'ஐயா, மூன்றாவது பத்தியில் உள்ள ஆண்டு எந்த நூலில் இருக்கிறது?' என்று ஒரு வரி கேட்டால் அவர் தேடிக் கொண்டுவருவார். உங்கள் வாசகருக்கும் ஒன்று சொல்கிறேன்: வெட்டிய பகுதி பெரும்பாலும், கட்டுரையின் பழைய வடிவங்களைக் காட்டும் 'வரலாறு' பக்கத்தில் அப்படியே இருக்கும், சான்று கிடைத்ததும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பேச்சுப் பக்கத்தில் பதில் இல்லையென்றால், ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம்.

அப்புறம், இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது. 2009இல் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் (Maurice Jarre) இறந்தபோது, அவர் சொன்னதாக ஒரு வாசகத்தை அயர்லாந்து மாணவர் ஒருவர் விக்கிப்பீடியாவில் புனைந்து சேர்த்தார். விக்கிப்பீடியர்கள் சான்று இல்லையென்று அதை நீக்கியும், அதற்குள் சில நாளிதழ்கள் எடுத்து இரங்கல் செய்தியில் போட்டுவிட்டன, இங்கிலாந்தின் கார்டியன் உட்பட. இப்படி ஒன்று அச்சாகிவிட்டால், நாளைக்கு அந்த நாளிதழையே சான்றாகக் காட்டி அதே பொய்யை மறுபடி உள்ளே கொண்டுவரலாம். தமிழிலும் ஆன்மிக இணைப்புகளில், விக்கிப்பீடியாவிலிருந்து வந்தது என்று பார்த்ததுமே தெரியும் பத்திகள் பெயர் சொல்லாமல் வருகின்றன. எடுத்தால் எங்கிருந்து எடுத்தோம் என்று போட்டுவிடுங்கள், நாங்கள் அதைச் சான்றாகக் கொள்ளாமல் தவிர்த்துக்கொள்கிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மாவட்டப் பக்கங்களில் வரும் கல்வெட்டுச் செய்திகளும் அகழாய்வுச் செய்திகளும் எங்களுக்குத் தங்கம். ஆனால் பல நாளிதழ்களின் பழைய இணைப்பைச் சொடுக்கினால் முகப்புப் பக்கம்தான் வருகிறது. இணையதளத்தை மாற்றும்போது பழைய முகவரிகளை விட்டுவையுங்கள், செய்திக்கு மேலே வெளியான தேதியையும் போடுங்கள்.

இப்படிக்கு,
விக்கிப்பீடியாவில் எழுதும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.